வயிற்றுப் பிள்ளையின் நிறை: கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறேன். முதலில் வாவிக்கு மேற்கே படுவான்கரை, இப்போது கிழக்கே எழுவான்கரைப் பக்கம். பதவிப் பெயர் நீளம் என்பதால் இரண்டு கரையிலும் எனக்கு ஒரே பெயர்தான்: ‘மிஸ்’. ஏழு மாதம் தாண்டிய தாய்மாரின் கேள்வி அநேகமாக ஸ்கான் ரிப்போட்டில் பிள்ளையின் நிறை போட்டிருக்கும் கடைசி வரியைப் பற்றியே இருக்கும். சிலர் அதைப் போனில் படம் பிடித்து இரவு பத்து மணிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதி வைத்தேன். உங்கள் டொக்டர் உங்களைப் பார்த்துச் சொன்னது இதிலிருந்து வேறுபட்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ள வயித்துக்குள்ள இருக்கு. அதுட நிறைய எப்படிப் பார்க்கிறாங்க மிஸ்?

பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். ஸ்கான் மெஷின் தராசு இல்லை. அதால் நீள அகலத்தை மட்டும்தான் அளக்க முடியும். பொதுவாக நான்கு அளவு எடுப்பார்கள்: தலையின் குறுக்களவு (ரிப்போட்டில் பீ.பீ.டி), தலையின் சுற்றளவு (எச்.சி), வயிற்றின் சுற்றளவு (ஏ.சி), தொடை எலும்பின் நீளம் (எஃப்.எல்). இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டதும் கிராமில் ஒரு எண் வரும். அதுதான் ஈ.எஃப்.டபிள்யூ, அதாவது மதிப்பிட்ட நிறை. பல மெஷின்களில் இருப்பது ஹாட்லொக் என்ற அமெரிக்கக் கதிரியல் டொக்டரும் அவருடைய குழுவும் 1985இல் வெளியிட்ட சூத்திரம்.

களத்தில் கிடக்கும் நெல்லுக் குவியலைப் பார்த்து ‘இதில இத்தன மூடை தேறும்’ என்று வயல்காரர் சொல்வதில்லையா, அதே வேலைதான். அவர் கண்ணால் அளக்கிறார், மெஷின் ஒலியால் அளக்கிறது. நான்கு அளவிலும் எண்ணை அதிகம் ஆட்டிவைப்பது பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு. ஈரலில் சேர்ந்திருக்கும் சத்தும் தோலுக்குக் கீழுள்ள கொழுப்பும் அந்த இடத்தில்தான் தெரியும்.

ரிப்போட்டுல 2806 கிராம் எண்டு போட்டிருக்கு. அப்ப பிறக்கக்குள்ள 2.8தானே?

இல்லை. நல்ல மெஷின், கை தேர்ந்த டொக்டர் என்றாலும் இந்தக் கணக்கு மேலேயோ கீழேயோ 15 சதவீதம் வரை தவறலாம், சில வேளை அதற்கு மேலும். 2.8 என்றால் அன்றைக்கு உண்மையான நிறை கிட்டத்தட்ட 2.4க்கும் 3.2க்கும் நடுவே எங்கேயோ. 2806இல் கடைசியாக இருக்கும் அந்த 6 கிராமுக்கு அர்த்தமே கிடையாது, மெஷின் கணக்குப் போட்டதில் மிஞ்சியது. பல ரிப்போட்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண் இருக்கும். அதைத்தான் யாரும் வாசிப்பதில்லை.

அப்புறம், ஸ்கான் எடுத்த நாளும் பிறக்கும் நாளும் ஒன்றல்ல. கடைசி மாதங்களில் நன்றாக வளரும் பிள்ளை கிழமைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் கூடும். 36ஆம் கிழமையில் எடுத்த ரிப்போட்டை 39ஆம் கிழமை வரைக்கும் அதே எண்ணோடு தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

நீங்க டேப்பால அளக்கிறீங்களே, அதுல நிறை தெரியுமா?

டேப்பின் முதல் வேலை வேறு. கருப்பையின் உச்சியிலிருந்து இடுப்பின் முன் எலும்பு வரை எத்தனை சென்டிமீற்றர் என்று பார்க்கிறோம். 24ஆம் கிழமையிலிருந்து 36ஆம் கிழமை வரை அந்த எண் கிட்டத்தட்ட கிழமை எண்ணோடு ஒத்துப்போகும், இரண்டு மூன்று முன்னே பின்னே இருக்கலாம். 32ஆம் கிழமையில் 28 வந்தாலோ, போன முறை இருந்த இடத்திலேயே நின்றாலோ ஸ்கானுக்கு அனுப்புவோம். அளக்குமுன் சலம் கழித்துவிட்டு வரச் சொல்வது வீண் கரைச்சல் இல்லை, சலப்பை நிறைந்திருந்தால் அளவு கூடிவிடும். டேப்பின் எண் இல்லாத பக்கத்தை மேலே வைத்து அளந்துவிட்டு, பிறகு திருப்பி வாசிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கிழமை தெரிந்த கை அந்த எண்ணுக்கே டேப்பை இழுத்துக்கொண்டு போகும். என் கையும்தான்.

டேப்பால் நிறையும் கணக்கிடலாம், இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒன்று 1950களில் வந்த ஜோன்சன் முறை: உச்சி அளவிலிருந்து 13ஐக் கழித்து 155ஆல் பெருக்க வேண்டும். தலை இடுப்புக்குள் இறங்கியிருந்தால் 12, இன்னும் கீழே என்றால் 11ஐக் கழிக்க வேண்டும். மற்றது டேர் முறை: உச்சி அளவை, தொப்புள் மட்டத்தில் எடுத்த வயிற்றுச் சுற்றளவால் பெருக்கினால் கிராம். ஒரு தாய்க்கு உச்சி 33, சுற்றளவு 92, தலை இறங்கவில்லை. ஜோன்சன் கணக்கில் 3100 கிராம், டேர் கணக்கில் 3036. அந்தக் கிழமை ஸ்கான் 2.7 என்றது. ஒன்பது நாளில் பிறந்த பிள்ளை 2.95. யார் வென்றது என்று நீங்களே சொல்லுங்கள். தாய் பருமனாக இருந்தாலோ பன்னீர் (வயிற்றுக்குள் பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீர்) கூடுதலாக இருந்தாலோ டேப் முறை அதிகமாகக் காட்டும்.

பயிற்சிக் காலத்தில் பிரசவ அறையில் நாங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நிறை சொல்லிப் பந்தயம் பிடிப்போம். தோற்றவர் பிளேன்ரீயும் ரோல்ஸும் வாங்கித்தர வேண்டும். எல்லோரையும் அடிக்கடி தோற்கடித்தது மூன்றாவது பிள்ளைக்கு வந்திருந்த தாய்மார்தான். ‘மூத்தவன விட இது கொஞ்சம் பாரம் மிஸ்’ என்பார்கள், சரியாக வரும். ஏற்கனவே பெற்ற தாய்மாரின் மதிப்பீடு டொக்டர்மாரின் மதிப்பீட்டுக்குப் பெரிதும் குறைந்ததல்ல என்று ஆய்வுகளிலும் வந்திருக்கிறது.

ரெண்டு இடத்துல ஸ்கான் எடுத்தன். வெள்ளிக்கிழமை 3 கிலோ, திங்கக்கிழமை 2.7. பிள்ள குறையுதா?

இந்தக் கேள்வியோடு ஒரு தாய் முற்றத்தில் நின்று அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டில் மாமி வேறு, ‘ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடல்ல, அதான்’ என்று சொல்லிவிட்டா. மூன்று நாளில் எந்தப் பிள்ளையும் வயிற்றுக்குள் 300 கிராம் மெலிவதில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன 15 சதவீதத்தை இங்கே வைத்துப் பாருங்கள், இரண்டு எண்ணும் ஒரே பிள்ளையின் எண்ணாக இருப்பதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. அந்தப் பிள்ளை 2.85இல் பிறந்தது.

கடைசிக் கிழமைகளில் அளப்பதும் கஷ்டம். தலை இடுப்புக்குள் இறங்கிவிடும், பன்னீர் குறையும், பிள்ளை மடங்கிக் கிடக்கும். வயிற்றுச் சுற்றளவுக்கு வட்டமான ஒரு வெட்டுப் படம் வேண்டும். அது கொஞ்சம் சரிந்து நீள்வட்டமாக வந்தால் அளவு மாறும், அதோடு நிறையும் மாறும். வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஸ்கானுக்கு இடையே குறைந்தது இரண்டு கிழமையாவது விட வேண்டும், முடிந்தால் ஒரே இடத்தில். சந்தேகம் தீர என்று மூன்றாவது இடத்துக்குப் போனால் மூன்றாவது எண்தான் கிடைக்கும்.

அடிக்கடி ஸ்கான் எடுத்தா பிள்ளைக்கு ஏதும் ஆகாதா?

இது எக்ஸ்ரே இல்லை, ஒலி அலை. தேவைக்கு எடுக்கும் ஸ்கானால் பிள்ளைக்குப் பாதிப்பு வந்ததாகக் காணப்படவில்லை. பாதிப்பு வருவது காசுக்கும் நிம்மதிக்கும்.

ரிப்போட்டுல 34 கிழமை எண்டு கிடக்கு. எனக்கு 36. அப்ப திகதி தள்ளிப் போகுமா?

போகாது. பிரசவத் திகதி, கடைசி மாதவிலக்கையும் முதல் மாதங்களில் எடுத்த ஸ்கானையும் வைத்து ஒரு தரம் தீர்மானிப்பது. அப்போது எல்லாப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு. கடைசி மாதங்களில் அப்படியில்லை, ஒன்று அப்பாவைப்போல் வளரும், ஒன்று அம்மாவைப்போல். ரிப்போட்டில் 34 என்பது ‘இந்த அளவு சராசரியாக 34 கிழமைப் பிள்ளைக்கு இருக்கும்’ என்று மட்டும்தான் சொல்கிறது. பிந்திய ஸ்கானை வைத்துத் திகதியை மாற்றினால் உண்மையிலேயே வளர்ச்சி குறைந்த பிள்ளையைக் ‘காலம் இருக்கிறது’ என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. கிளினிக் கொப்பியில் முதலில் எழுதிய திகதியை நீங்களாக மாற்றாதீர்கள்.

எத்தனையாம் கிழமையில எவ்வளவு இருக்க வேணும்?

பருமட்டாகச் சொன்னால், 28இல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், 32இல் 1.7 முதல் 1.9, 36இல் 2.6 முதல் 2.8, 40இல் 3.3 முதல் 3.6. இவை பெரும்பாலும் வெளிநாட்டு அட்டவணைகளின் நடு எண்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சராசரியில் இதைவிடக் கொஞ்சம் சின்னன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் பார்த்து 2017இல் வெளியிட்ட அட்டவணையிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்தது. ஆண் பிள்ளை பெண் பிள்ளையைவிடச் சராசரியில் நூறு கிராமளவு கூட. பிறந்த பிறகு 2.5 கிலோவுக்குக் குறைந்தால் குறைந்த பிறப்பு நிறை என்று பதிவார்கள்.

‘சென்டைல்’ என்று ஒன்று இருக்குமே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கிழமையிலுள்ள நூறு பிள்ளைகளை நிறைப்படி வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை கீழிருந்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதுதான் அது. 30 என்றால் 30 மார்க்ஸ் என்று அர்த்தமில்லை. சோதனையில் பெயிலான மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவோர் அதிகம்.

10 சென்டைலுக்குக் கீழ எண்டுட்டாங்க. நான் சாப்பிடுறது போதாதா?

முதலில் தெரிய வேண்டியது, பிள்ளை சின்னதாகவே அமைந்ததா, அல்லது வளர்ந்துகொண்டு வந்து இடையில் தடைப்பட்டதா என்பது. தாய் தகப்பன் சின்ன உருவம், பிள்ளையும் ஒரே கோட்டில் மெதுவாகக் கூடிக்கொண்டு வருகிறது என்றால் அநேகமாக முதலாவது வகை. 40இல் இருந்தது 8க்கு இறங்கினால் அது வேறு கதை. அப்போது கொப்பூழ்க் கொடியில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று டொப்ளர் ஸ்கானில் பார்ப்பார்கள், பன்னீரின் அளவையும் பார்ப்பார்கள். நிறை எண்ணைவிட அந்த இரண்டும்தான் டொக்டருக்கு அதிகம் சொல்லும்.

காரணம் பல வேளை நச்சுக்கொடியில் இருக்கும், அல்லது தாயின் பிரஷரில். தாய்க்குச் சத்துக் குறைவதும் காரணமாகலாம், ஆனால் அது மட்டும்தான் என்று வீட்டார் தாயைக் குற்றவாளியாக்குவது எனக்குக் கோபம் வரவைக்கும். குறிப்பாக, அவவுக்குக் கொடுத்த திரிபோஷ (கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமா) எங்கே போகிறது என்று நான் கண்ட பிறகு. ஒரு வீட்டில் பின்னேரம் நாலு மணிக்குப் போனேன். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்த திரிபோஷ உருண்டையைத் தகப்பனும் மூத்த பிள்ளைகள் இரண்டும் வட்டமாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணி அடுப்படியில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தா.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலை சுருட்டாக இருந்தாலும் வாயில் போட்டதாக இருந்தாலும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும்.

கடைசி மாசம் என்ன சாப்பிட்டா டக்கெண்டு நிறை கூடும்?

டக்கென்று கூட்டும் சாப்பாடு எதுவுமில்லை. மீன், முட்டை, பருப்பு, கீரை, தயிர் என்று வீட்டில் கிடைப்பதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், தந்த இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு போடாதீர்கள். நச்சுக்கொடி காரணம் என்றால் (முன் கேள்வியில் சொன்னது) இரண்டு பங்கு சாப்பிட்டாலும் அது பிள்ளைக்குப் போய்ச் சேராது.

பிள்ள பெரிசாகினா சீசர் பண்ணிடுவாங்க, சோத்தக் குறை எண்டு உம்மா சொல்றா.

உம்மாவின் பயம் புரிகிறது, ஆனால் செய்யாதீர்கள். பட்டினியால் பிறப்பு சுகமாகாது, தாய்தான் களைத்துப்போவா. சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்குக் கிளினிக்கில் சொல்லும் சாப்பாட்டு முறை வேறு விஷயம், அது குறைப்பது இல்லை, மாற்றுவது.

எனக்குக் கர்ப்பத்துல சீனி வந்துட்டு. பிள்ள 3.9 எண்டு சொல்றாங்க. சீசர்தானா?

கட்டாயம் இல்லை, ஆனால் டொக்டர் யோசிக்கும் இடம்தான். தாயின் இரத்தத்தில் கூடும் சீனி பிள்ளைக்கும் போகும். அது கொழுப்பாகி வயிற்றிலும் தோளிலும் படியும். அதனால் அதே 3.9 கிலோ என்றாலும் சீனி இல்லாத தாயின் பிள்ளைக்கு இல்லாத ஒரு பயம் இங்கே உண்டு: தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்வது. இன்னொன்று, பெரிய பிள்ளைகளில்தான் ஸ்கான் கணக்கு அதிகம் சறுக்கும். 3.9 என்றது 3.5 ஆகவும் இருக்கலாம், 4.4 ஆகவும் இருக்கலாம்.

அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் வழிகாட்டலில், சீனி உள்ள தாய்க்கு மதிப்பிட்ட நிறை 4.5 கிலோவும், இல்லாதவருக்கு 5 கிலோவும் தாண்டினால்தான் நிறையை மட்டும் காரணமாக வைத்து சீசரைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறது. எங்கள் பெண்களின் உடல்வாகு வேறு, அதனால் இங்கே வீ.ஓ.ஜி. (ஆஸ்பத்திரியின் மகப்பேற்று நிபுணர்) அந்த எண்ணை அப்படியே எடுப்பார் என்றில்லை. உங்கள் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா, முன்பு எத்தனை கிலோவில் எப்படிப் பெற்றீர்கள், தலை இறங்கியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்துத்தான் முடிவு. கிளினிக்கில் ‘ஏன்’ என்று கேளுங்கள், கேட்டால் கோபிப்பார்கள் என்று பயந்து வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பதில் பாதிப் பதில்தான் கிடைக்கும். பிறந்ததும் பிள்ளையின் காலில் குத்தி இரத்தச் சீனி பார்ப்பார்கள், அது குறைந்துவிடுகிறதா என்று அறியத்தான், பதறாதீர்கள்.

நான் கட்டை. 3 கிலோப் பிள்ள எனக்குப் பிறக்குமா?

உயரம் 145 சென்டிமீற்றருக்குக் குறைவென்றால் கொப்பியில் குறித்து வைப்போம், கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. உயரம் ஒரு குறிப்புத்தான். பிள்ளை எவ்வளவு நிறை என்பதைவிடத் தலை எந்தப் பக்கம் திரும்பி, எப்படி மடங்கி வருகிறது என்பது பெரிய விஷயம். மண்டை ஓட்டு எலும்புகள் வரும் வழிக்கு ஏற்றபடி கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொடுக்கும். பிரசவ நோ வந்த பிறகுதான் பல வேளை விடை தெரியும்.

வயிறு சின்னனா இருக்கு எண்டு பார்க்கிறவங்க எல்லாம் சொல்றாங்க.

அவர்கள் பார்ப்பது சட்டையை. முதல் பிள்ளைக்கு வயிற்றுத் தசை இறுக்கம், அதனால் சின்னதாகத் தெரியும். 36க்குப் பிறகு தலை இறங்கினால் வயிறும் கொஞ்சம் இறங்கும், டேப்பும் குறைத்துக் காட்டும். கொப்பியில் அளவு சரி என்றால் சந்தியில் கேட்டதை விட்டுவிடுங்கள்.

ரெட்டைப் பிள்ளைக்கும் இதே கணக்கா?

ஸ்கான் சூத்திரம் அதேதான், பிள்ளைக்குப் பிள்ளை தனியாக. டேப் கணக்கு இங்கே உதவாது. இரண்டுக்கும் இடையே நிறை வித்தியாசம் கூடிக்கொண்டு போகிறதா என்பதுதான் முக்கியம்.

நிறை நல்லாருக்கு எண்டு போன கிழமைதான் சொன்னாங்க. இண்டைக்கு அசைவு குறைஞ்ச மாதிரிக் கிடக்கு. ஸ்கான் சரிதானே, காலையில பார்ப்பமா?

வேண்டாம், இப்போதே போங்கள். போன கிழமை ஸ்கான் போன கிழமைப் பிள்ளையைப் பற்றியது. மூன்று கிலோப் பிள்ளைக்கும் கஷ்டம் வரலாம், இரண்டு கிலோப் பிள்ளையும் சுகமாகத் துள்ளலாம். அசைவு வழமையைவிடக் குறைந்தால், தண்ணி போனால், இரத்தம் பட்டால், தலையிடியோடு கண் மங்கினால் நிறையைப் பற்றிய பேச்சே இல்லை. மட்டக்களப்போ களுவாஞ்சிகுடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, பிரசவ வாட்டு உள்ள கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. உட்கிராமங்களில் இருப்பவர்கள் எட்டாம் மாதத்திலேயே ஒரு ஓட்டோக்காரரிடம் சொல்லி வையுங்கள். ‘சும்மா வந்துட்டீங்க’ என்று யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான் சுளிக்க மாட்டேன்.

பிறக்கக்குள்ள 3.05. மூணாம் நாள் 2.85. ஆஸ்பத்திரியில பிழையா நிறுத்துட்டாங்களா?

இல்லை, தராசு சரிதான். பிறந்த முதல் நாட்களில் பிள்ளை உடலிலிருந்து தண்ணீர் போகும், கறுப்பு மலம் போகும். பிறப்பு நிறையில் 7 சதவீதம் வரை குறைவது வழமை. 200 கிராம் அந்தக் கணக்குக்குள் வருகிறது. 10 சதவீதத்தை நெருங்கினால் தாய்ப்பால் சரியாகப் போகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் பழைய நிறைக்கு வந்துவிட வேண்டும். முதல் பத்து நாளுக்குள் நாங்கள் வீட்டுக்கு வருவோம். அப்போது பிள்ளையின் பதிவுக் கொப்பியை எடுத்து வையுங்கள், ஈரத் துணியை மாற்றிவிடுங்கள். நனைந்த துணியோடு தூக்கிப் பார்த்துவிட்டு ‘கூடிட்டு’ என்று சந்தோஷப்பட்ட வீடுகளும் உண்டு.